கொழுக்கட்டை வெந்தால் சரி!

(பட்டிமன்றத் தலைப்பு: இசைப்பதிவுக்குப் பழைய மென்பொருளே போதுமா, புதியது கட்டாயம் வேண்டுமா? ‘பழையதே போதும்’ அணியின் நிறைவுப் பேச்சு)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எனக்கு முன்னால் பேசி எதிரணியின் தூக்கத்தைக் கலைத்த என் அணித் தோழர்களே! புதுசு புதுசு என்று முழங்கிவிட்டு, இந்த அரங்கத்துக்கு மட்டும் இருபது வருஷத்துப் பழைய ஸ்கூட்டரில் வந்து இறங்கிய எதிரணி நண்பர்களே! (சிரிப்பு) பெரியோர்களே, தாய்மார்களே, வீட்டிலே தொலைக்காட்சி முன்னால் அமர்ந்திருக்கும் அன்பு நெஞ்சங்களே!

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தோழர் நீளமாக ஒரு பட்டியல் வாசித்தார். புது மென்பொருள் சுருதி விலகினால் தானே சரி பண்ணுமாம். தாளத்தைத் தானே போடுமாம். கலந்து முடித்த பாட்டிலிருந்து குரலைத் தனியாகப் பிரித்தே கொடுத்துவிடுமாம். எல்லாம் அதுவே செய்யும் என்றார். எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் வந்தது, நடுவர் அவர்களே. எல்லாத்தையும் அதுவே செஞ்சா, இவரு எதுக்கு ஸ்டுடியோவுக்குப் போறாரு? ஏ.சி.க்கா? (சிரிப்பு, கைதட்டல்)

தாய்மார்கள் சிலர், ‘ஏதோ கம்ப்யூட்டர் சங்கதி, நமக்கு எதுக்கு’ என்று பார்க்கிறீர்கள். ஒன்றும் பெரிய விஷயம் இல்லைம்மா. அவியல் செய்கிறீர்கள் அல்லவா? முருங்கைக்காய் தனியாக நறுக்குகிறீர்கள், வாழைக்காய் தனி, சேனை தனி. பிறகு எதை எவ்வளவு சேர்ப்பது, எதை எப்போது போடுவது என்று கை பார்த்துக் கலக்கிறீர்கள். பாட்டுப் பதிவும் அப்படித்தான். குரல் ஒரு ட்ராக், புல்லாங்குழல் ஒரு ட்ராக், தபேலா ஒரு ட்ராக். தனித்தனியாகப் பதிந்து, கூட்டிக் குறைத்துக் கலந்து, ஒரு பாட்டாக இறக்குகிற அடுப்படிதான் இந்த மென்பொருள். அடுப்படி பழசானால் அவியல் கெட்டுப் போகுமா என்பதுதான் இன்றைய வழக்கு.

பொத்தாம் பொதுவாகப் பேசினால் நடுவர் விடமாட்டார். ஒரு மென்பொருளை எடுத்துக்கொள்வோம். அதன் பெயர் சோனார். அதற்கு முன்னோர் கேக்வாக். அமெரிக்காவில், மாசாசூசெட்ஸ் மாநிலத்தில், கிரெக் ஹெண்டர்ஷாட் என்பவர் ஒரு சிறு நிறுவனம் தொடங்கி 1987-ல் கேக்வாக்கை வெளியிட்டார். அது டாஸ் காலம். குரல் பதிய முடியாது. கீபோர்டில் எந்தக் கட்டையை எப்போது, எவ்வளவு வேகமாக அழுத்தினீர்கள் என்ற மிடி குறிப்பை மட்டும் எழுதி வைத்துக்கொள்ளும். பிறகு விண்டோஸுக்கு வந்தது. 1990-களின் நடுவில் குரலையும் பதிய ஆரம்பித்தது. 2001-ல் சோனார் என்று பேர் மாற்றிக்கொண்டது. 2009-ல் சோனார் 8.5, 2010 கடைசியில் எக்ஸ் 1, 2013-ல் எக்ஸ் 3 என்று வளர்ந்தது.

இப்போ கேள்வி இதுதான். அந்த 8.5-ஐயோ எக்ஸ் 3-ஐயோ காசு கொடுத்து வாங்கி வைத்திருக்கிற ஒரு சின்ன ஸ்டுடியோக்காரர், இன்றைக்கும் அதில் வேலை செய்யலாமா? தாராளமாகச் செய்யலாம் என்கிறோம் நாங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

எதிரணியில் முதலில் பேசிய அம்மையார், ‘புது மென்பொருளில் ஒலி சுத்தமாக இருக்கும்’ என்றார். அம்மா, நாம் கேட்ட ஒலித்தட்டு, அந்த சி.டி., ஒரு விநாடிக்கு 44,100 முறை ஒலியை அளந்து எழுதுகிறது. ஒவ்வொரு அளவையும் 65,536 படிகளில் ஒரு படியில் வைக்கிறது. அவ்வளவு நுணுக்கம் போதாது என்று, ட்ராக்குகளைக் கலக்கும்போது அதைவிடப் பல மடங்கு துல்லியமான கணக்கை மென்பொருள் உள்ளே போடுகிறது. 64 பிட் இரட்டைத் துல்லியக் கணக்கு என்று அதைச் சொல்வார்கள். அது எப்போது சோனாருக்கு வந்தது தெரியுமா? 2005-ல், சோனார் 5-லேயே வந்துவிட்டது! கலப்பது என்பது அடிப்படையில் கூட்டல் கணக்கு. ரெண்டும் ரெண்டும் நாலு. 2005-லும் நாலுதான், இன்றைக்கும் நாலுதான். புதுசு வாங்கினதால் நாலரை ஆகாது! (கைதட்டல்)

அப்படியானால் ஒலி எங்கே கெடுகிறது? மைக்கை எங்கே வைத்தோம் என்பதில் கெடுகிறது. தகரக் கூரை போட்ட அறையில் மிருதங்கத்தை வைத்துப் பதிந்தால் கெடுகிறது. பாடுகிறவர் தொண்டை கட்டியிருக்கும்போது, ‘பரவாயில்ல, அப்புறம் பாத்துக்கலாம்’ என்று சொல்கிற நம்ம வாயிலே கெடுகிறது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவர்கள் கூடத்தையே இடித்துப் புதிதாகக் கட்டச் சொல்கிறார்கள். (சிரிப்பு)

அடுத்து, கைப்பழக்கம். இதை எதிரணி ஒரு வார்த்தைகூடத் தொடவில்லை. பத்து வருஷம் ஒரே மென்பொருளில் வேலை செய்தவருக்கு விரல் தானாகப் போகும். பாடகி ஒரு அடியை உருக்கமாகப் பாடி நிறுத்துகிறார். ‘அம்மா, அதே பாவத்துல இன்னொரு தடவை’ என்று சொல்லி இரண்டே நொடியில் மறுபடி பதிவை ஓட்டத் தெரியணும். புதுசு வாங்கினவர் என்ன செய்கிறார்? ‘ஒரு நிமிஷம்மா, அந்தப் பட்டன் எங்கேயோ போயிடுச்சு’ என்கிறார். பட்டன் கிடைக்கும், நடுவர் அவர்களே. பாவம் திரும்ப வருமா? (கைதட்டல்)

இங்கிலாந்தில் நார்மன் குக் என்று ஒரு இசைக்காரர். ஃபேட்பாய் ஸ்லிம் என்ற பெயரில் உலகத்துக்குத் தெரிந்தவர். 1998-ல் அவருடைய ஒரு இசைத்தொகுப்பு வந்து உலகமெல்லாம் ஓடியது. அவர் எதில் வேலை செய்தார்? அட்டாரி எஸ்.டி. என்ற கம்ப்யூட்டரில். 1985-ல் அறிமுகமானது. அதன் வேகம் 8 மெகாஹெர்ட்ஸ். இன்றைக்கு உங்கள் சட்டைப் பையில் இருக்கும் செல்போன் அதைவிடப் பல நூறு மடங்கு வேகம். அதிலே கிரியேட்டர் என்ற பழைய மென்பொருளை வைத்துக்கொண்டு அந்த வேலையைச் செய்தார். அவரிடம் புதுசு வாங்கப் பணமில்லையா? இருந்தது. கைக்குப் பழகினது இருக்கும்போது எதற்கு என்று இருந்தார். பாட்டைக் கேட்டு ஆடினவர்களில் எத்தனை பேர், ‘இது எந்த வெர்ஷன்ல போட்டது?’ என்று கேட்டிருப்பார்கள்? ஓட்டைச் சட்டியானாலும் கொழுக்கட்டை வெந்தால் சரி! (சிரிப்பு)

இன்னொரு தோழர், ‘புதுசு வாங்கினால் கம்பெனி நம்மைப் பார்த்துக்கொள்ளும், பழசுக்கு நாதியில்லை’ என்றார். இந்தச் சோனாருக்கு நடந்த கதையையே சொல்கிறேன், கேளுங்கள்.

இந்த நிறுவனம் 2008-ல் ஜப்பானின் ரோலண்ட் கைக்குப் போனது. 2013-ல் கிட்டார் செய்யும் கிப்ஸன் கைக்குப் போனது. 2016-ல் ஒரு அறிவிப்பு வந்தது. ‘சோனார் பிளாட்டினம் வாங்குங்கள், வாழ்நாள் முழுவதும் புதுப்பிப்பு இலவசம்!’ ஆசையாக வாங்கினார்கள். அடுத்த வருஷமே, 2017 நவம்பரில், கேக்வாக் பொருள்களின் உருவாக்கத்தையும் தயாரிப்பையும் நிறுத்திவிட்டதாக கிப்ஸன் அறிவித்தது. வாழ்நாள் என்றார்களே, யாருடைய வாழ்நாள் என்று கேட்டு வாங்கினோமா? (பலத்த சிரிப்பு) அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதை!

பிறகு 2018-ல் சிங்கப்பூரின் பேண்ட்லேப் நிறுவனம் அதை வாங்கி, இலவசமாகவே கொடுத்தது. ஐந்து வருஷம் கழித்து, 2023-ல், ‘அந்த இலவசப் பதிப்பு நிற்கும், புதிய சோனார் வரும்’ என்று அவர்களே அறிவித்தார்கள். நான் யாரையும் குறை சொல்லவில்லை. வியாபாரம் என்றால் கை மாறும். இன்னொன்றும் பாருங்கள். லாஜிக் என்ற மென்பொருளை விண்டோஸில் வைத்துப் பிழைத்தவர்கள் ஏராளம். 2002-ல் ஆப்பிள் நிறுவனம் அதைச் செய்த எமேஜிக்கை வாங்கியது. அதே வருஷம் விண்டோஸ் பதிப்பை நிறுத்தியது.

இத்தனை கலவரத்திலும் ஒன்றைக் கவனியுங்கள். 8.5-ஐ வாங்கி வைத்திருந்தவரின் கம்ப்யூட்டரில் என்ன ஆனது? ஒன்றும் ஆகவில்லை! 2017-ல் கம்பெனி கதவைச் சாத்தின மறுநாள் காலையில் அவர் பட்டனை அமுக்கினார், வழக்கம் போல் திறந்தது, வேலை நடந்தது. சொந்த வீட்டில் இருக்கிறவனுக்குத் தெருவில் எந்தக் கடை மூடினால் என்ன? இன்றைக்கு வருகிற பல மென்பொருள்களில் மாதச் சந்தா கட்டணும். சந்தா நின்றால் நீங்கள் பதிந்த பாட்டையே திருத்த முடியாமல் கதவு சாத்திக்கொள்ளும். மிருதங்கம் வாங்கினோம், தோல் மாற்றினோம், வாசித்தோம். மாசாமாசம் கடைக்காரரிடம் வாடகை கட்டி வாசித்த வித்வான் யாராவது உண்டா? (கைதட்டல்)

இப்போது என் வாதத்தின் உயிர்நிலைக்கு வருகிறேன்.

நாங்கள் ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கூடம் நடத்துகிறோம். பெரிய படமெல்லாம் இல்லை. கோயில் பாட்டு, பள்ளிக்கூட ஆண்டுவிழாப் பாட்டு, கிராமியப் பாட்டு. 2010-ல் ஒரு அம்மா வந்தாங்க. நாத்து நடுகிற கை. தாலாட்டும் நடவுப் பாட்டுமாக எட்டுப் பாட்டுப் பாடினாங்க. சோனார் 8.5-ல் பதிந்தோம். தபேலா, கீபோர்டு எல்லாம் சேர்த்து, சி.டி. போட்டுக் கொடுத்தோம். பத்து வருஷம் கழித்து அந்த அம்மா காலமாகிவிட்டார்கள். அவங்க மகள் கைக்குழந்தையோடு வந்தாங்க. ‘அண்ணே, கீபோர்டெல்லாம் வேண்டாம். அம்மா குரல் மட்டும் தனியா கிடைக்குமா? இவளைத் தூங்க வைக்கறப்ப போடணும்’ என்று கேட்டாங்க.

மூலையில் துணி போர்த்தி வைத்திருந்த பழைய கம்ப்யூட்டரை எடுத்துப் போட்டோம். பழைய சோனார் திறந்தது. பழைய பாட்டு திறந்தது. மற்ற ட்ராக்கையெல்லாம் அடக்கினோம். குரல் மட்டும் வந்தது. பாட்டு தொடங்குவதற்கு முன்னால், சி.டி.யில் நாங்கள் வெட்டிவிட்ட இடத்தில், அந்த அம்மா பேசுகிறார்கள்: ‘இரு தம்பி, கொஞ்சம் தண்ணி குடிச்சுக்கறேன்.’ தண்ணீர் குடிக்கிற சத்தம். ஒரு இருமல். அப்புறம் பாட்டு. அந்தப் பொண்ணு பாட்டுக்கு அழவில்லைங்க. அந்த இருமலுக்கு அழுதாங்க. (அரங்கில் அமைதி)

எதிரணி இப்போது கையைத் தூக்கும். ‘புது மென்பொருள் சி.டி.யிலிருந்தே குரலைப் பிரித்துவிடுமே!’ பிரிக்கும். ஒத்துக்கொள்கிறேன். சி.டி.யில் இருப்பதைத்தானே பிரிக்கும்? தண்ணி குடிச்ச சத்தம் சி.டி.யில் இல்லையே! அது ட்ராக்கில் அல்லவா இருக்கிறது! (பலத்த கைதட்டல்)

‘பழைய பாட்டைப் புது சோனாரிலேயே திறக்கலாமே’ என்றும் கேட்பார்கள். திறக்கலாம். ட்ராக் வரும், அளவு வரும். ஆனால் அந்தப் பாட்டுக்கு அன்றைக்குப் போட்ட எதிரொலி, கீபோர்டு ஓசை இதெல்லாம் பிளகின் என்ற தனித்தனிச் சின்ன மென்பொருள்கள். அவற்றில் நிறைய 32 பிட் காலத்துச் சரக்கு. செய்த கம்பெனியும் பல நேரம் இருக்காது. புதுசில் திறந்தால், ‘இது காணோம், அது காணோம்’ என்று வரிசையாகப் பட்டியல் வரும். பாத்திரம் வந்து சேரும், மசாலா வந்து சேராது. அன்றைக்குக் கேட்ட அதே பாட்டு அப்படியே வேண்டும் என்றால், அன்றைக்கு இருந்த அதே அடுப்படி வேண்டும்.

சரி, எதிரணி சொன்னதில் நியாயமே இல்லையா? இருக்கிறது. நியாயத்தை மறைத்து ஜெயிக்க நாங்கள் வரவில்லை. ‘பழைய மென்பொருளுக்குப் பழைய விண்டோஸ் வேணும். விண்டோஸ் 10-க்கே 2025 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் வழக்கமான ஆதரவை நிறுத்திவிட்டது. வைரஸ் வந்தால் என்ன செய்வாய்?’ என்று கேட்டார்கள். நல்ல கேள்வி. பதில் ரொம்ப எளிசு. அந்தக் கம்ப்யூட்டருக்கு இன்டர்நெட் ஒயரைக் கொடுக்காதே! பாட்டு பதிகிற கம்ப்யூட்டருக்கு இன்டர்நெட் எதற்கு? பாடகி பாடிக்கொண்டிருக்கும்போது, ‘உங்கள் கம்ப்யூட்டரைப் புதுப்பிக்கவா?’ என்று அது வந்து நிற்பதற்கா? (சிரிப்பு)

‘வெளியூர் இசையமைப்பாளர் புது மென்பொருளில் ஃபைல் அனுப்பினால்?’ என்றும் கேட்டார்கள். தினம் தினம் அப்படி வேலை வருகிறவர் புதுசு வாங்கட்டும். நாங்கள் தடுக்கவில்லை. எப்போதாவது வருகிறவருக்கு வேவ் கோப்பு போதும். 1991-ல் வந்த அந்த வேவ், இன்றைக்கும் எல்லா மென்பொருளிலும் திறக்கிறது. மிடி 1983-ல் வந்தது. இன்றைக்கும் கீபோர்டு பேசுகிற பாஷை அதுதான். புதுசு புதுசு என்கிறார்களே, அந்தப் புதுசே இந்தப் பழைய பாஷையில்தானே பேசிக்கொண்டிருக்கிறது!

இன்னும் ஒரு தெளிவு. புதிதாகத் தொழில் தொடங்குகிற தம்பி பழைய மென்பொருளைத் தேடி அலைய வேண்டாம். திருட்டுப் பிரதி எடுக்கவே வேண்டாம். அவனுக்கு முதல் வீடு எதுவோ அதில் குடியேறட்டும். கையில் முறையாக வாங்கினது இருக்கிறவரைத்தான் நாங்கள் சொல்கிறோம்: பக்கத்து ஸ்டுடியோவைப் பார்த்து அதைத் தூக்கிப் போடாதீர்கள்.

பழசை வைத்துக்கொள் என்றால் தூசி தட்டாமல் வைத்துக்கொள் என்று அர்த்தமில்லை. அதற்கும் முறை இருக்கிறது. பாட்டு முடிந்ததும் ஒவ்வொரு ட்ராக்கையும் தனித்தனி வேவ் கோப்பாக எடுத்துவிடுங்கள். எல்லாம் பாட்டின் முதல் நொடியிலிருந்தே தொடங்கட்டும். அப்போதுதான் நாளைக்கு எந்த மென்பொருளில் அடுக்கினாலும் தாளம் தவறாமல் உட்காரும். மிடியைத் தனியாக எடுத்து வையுங்கள். மென்பொருளின் சி.டி., அதன் சீரியல் எண், பிளகின்கள் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பத்திரப்படுத்துங்கள். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்த ஹார்டு டிஸ்க்கை அப்படியே இன்னொரு டிஸ்க்கில் நகலெடுங்கள். மென்பொருளுக்கு வயதானால் பரவாயில்லை, ஹார்டு டிஸ்க்குக்கு வயதானால் அது சொல்லிக்கொண்டு போகாது.

இதையெல்லாம் செய்யாமல் பழசைக் கட்டிக்கொண்டு அழுகிறவர் எங்கள் அணி இல்லை. இதையெல்லாம் செய்யாமல் புதுசுக்குத் தாவுகிறவர் உங்கள் அணியாகவும் இருக்க முடியாது. அவர் பாட்டைத் தொலைக்கிற அணி! (கைதட்டல்)

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். ஒரே நிமிஷம், ஐயா.

எதிரணி நண்பர்கள் மென்பொருளின் வயதைக் கேட்கிறார்கள். நாங்கள் அதற்குள் இருக்கிற குரல்களைக் கேட்கிறோம். நம்ம ஊர்களில் எத்தனை சின்ன ஸ்டுடியோக்கள்! அங்கே மூலையில் கிடக்கும் பழைய கம்ப்யூட்டர்களில் எத்தனை நாதசுரக்காரர்கள், எத்தனை கூத்துக்காரர்கள், எத்தனை தாலாட்டுப் பாடிய அம்மாக்கள் ட்ராக் ட்ராக்காக இருக்கிறார்கள்! புதுசு வந்த சந்தோஷத்தில் அதைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டால், கிலோ என்ன விலைக்கு அந்தக் குரல்களை விற்கிறோம்? அந்தப் பெட்டியைத் திறக்கிற சாவி அந்தப் பழைய மென்பொருள்தான்.

ஆகவே நடுவர் அவர்களே, ஒலிக் கணக்கில் குறையில்லை, கைக்குப் பழகியது, வாடகை கேட்காது, பழைய பாட்டை அப்படியே திறக்கும் என்ற இந்த நான்கையும் தராசில் வைத்துப் பாருங்கள். கையில் இருக்கிற பழைய மென்பொருளே போதும், அதைப் பேணத் தெரிந்தால் போதும் என்று நல்லதொரு தீர்ப்பை வழங்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். (நீண்ட கைதட்டல்)